மழை தேய்த்த பெயர்

"எனக்குத் தீட்சை கொடுங்க தாயே. மூணு வருஷமா மடத்து வாசலைப் பெருக்குறேன். இன்னும் என்ன குறை?"

கேட்டவர் சிங்கராயன். கல் கொத்துகிறவர், வயது அறுபத்தைந்து. குரு வெள்ளையம்மைக்கோ நாற்பதுகூட ஆகவில்லை.

"குறை என்னன்னு நீங்கதான் சொல்லணும்," என்றாள் அவள்.

சிங்கராயன் தலை குனிந்தார். இருபது வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது அன்றைக்கு எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது.

அந்த ஊரில் தீர்ப்பைச் சுனையோரப் பாறையில் கொத்திவைப்பது வழக்கம். அடியில் கொத்தியவன் பெயரும் இருக்கும். சுனையின் வெண்கலக் குடம் காணாமல் போனபோது, "செம்பாயி எடுத்துக்கிட்டுப் போனதைப் பார்த்தேன்" என்று சொன்னவர் சிங்கராயன். பார்த்தாராவது! ஊர்த்தலைவரின் முகத்தைப் பார்த்து, அவர் எதிர்பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். 'செம்பாயி சுனையில் இறங்கக் கூடாது' என்று கொத்தியதும் அவரேதான். அன்றிலிருந்து அவள் ஆளில்லாத உச்சி வேளையில் வந்து, பாறையடியில் வழிகிற தண்ணீரைப் பிடித்துப் போகிறாள்.

அடுத்த கோடையில் சுனை வற்றியது. குடம் சேற்றில் கிடந்தது. முதலில் பார்த்தவர் சிங்கராயன். காலாலேயே சேற்றைத் தள்ளி மூடிவிட்டார்.

"சீ, நானும் ஒரு மனுஷனா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆனா தாயே, மழை அந்த எழுத்தை அழிச்சுக்கிட்டு வருது. பாறை வெயில்ல காயுது, மழையில குளிருது, பொருக்கு விட்டு உதிருது. எந்தக் கல்லும் கடைசியில மணல்தானே? அவ பேரு இப்பவே மங்கிப்போச்சு. கடவுளே மன்னிச்சுட்டார்னு..."

"காட்டுங்க," என்று வெள்ளையம்மை எழுந்தாள்.

சுனையில் ஈ காக்கை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"விரலால தடவிப் பாருங்க."

தடவினார். 'சுனையில் இறங்கக் கூடாது' என்ற எழுத்துகளெல்லாம் நேற்றுக் கொத்தியதுபோல விரலை உறுத்தின. 'செம்பாயி' இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று குழிந்திருந்தது.

"என்ன கல்லு இது?"

"கருங்கல்லு தாயே."

"இருபது வருஷ மழையில இவ்வளவு தேயுமா?"

"தேயாது."

"தேயும்னே வச்சுக்குவோம். மழை எல்லா எழுத்து மேலயும்தானே பெய்யுது?"

சிங்கராயன் கீழே பார்த்தார். பாறை இடுக்கில் கொஞ்சம் ஈர மணல். அதன்மேல் ஒரு கல் துண்டு, பாதி தேய்ந்து, ஒரு பெண்ணின் கைக்குள் அடங்குகிற அளவில்.

தொழில்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? கருங்கல்லைத் தேய்த்துத் தேய்த்துச் செம்பாயியின் தோள் எப்படி இற்றுப்போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

கடைசி வரி பளிச்சென்று இருந்தது. 'கொத்தியது சிங்கராயன்.'

பதறிப்போய்க் கல் துண்டை எடுத்துத் தன் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

வெள்ளையம்மை அவர் கையைப் பிடித்தாள்.

"உங்க பேரு இருக்கட்டும் பெரியவரே. செம்பாயி தண்ணிக்கு வர்ற நேரம்தான் இது."