புங்கமரத்து வாசல்

பிச்சையாவிடம் எள் என்றால் போதும், எண்ணெயாக வந்து நிற்பார். காவி கட்டுவதற்கு முன் சங்கரன்கோவிலில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்தவர். காவி கட்டிய பிறகும் லாட்ஜ் அவரை விடவில்லை. குற்றாலத்து மடத்தில் ஒரு தூசி தங்காது. அவர் கையில் துடைப்பத்தைக் கண்டால் பூனைகூட எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

அவருடைய குரு நல்லமுத்துச் சாமி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் பிச்சையா நிமிர்ந்து நடப்பார், சாமியால் முடியாது. முதுகெலும்பு இறுகி, கழுத்து குனிந்தபடியே நின்றுவிட்டது. தன் பாதங்களும், அதற்கு முன்னால் கொஞ்சம் தரையும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். படுத்தாலும் ஒருக்களித்துத்தான் படுப்பார்.

பங்குனி முடிகிற சமயம் சாமி ஒருநாள் சொன்னார்:

"மதுரைக்குப் போவமா, பிச்சையா? சித்திரை வருது. ஊரை ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம். அடுத்த வருசத்துக்கு இந்த ஒடம்பு தாங்காது."

சாமி பிறந்த ஊர் மதுரை. வாலிபத்தில் விட்டுவிட்டு வந்தவர், இத்தனை காலம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. பிச்சையாவுக்கு மனசு கனத்துப்போனது. இந்தப் பயணத்தில் சாமிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டார்.

சாமி பிறந்த தெருவிலேயே ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே தங்கினார்கள். வாசலில் பெரிய புங்கமரம். வந்த சில நாளிலேயே மரம் பூத்துவிட்டது. ராத்திரியெல்லாம் உதிரும். விடியும்போது வாசலில் தரை தெரியாது.

பிச்சையாவுக்கு அது குப்பை. சாமி கால் வழுக்கினால் என்ன ஆவது? கோழி கூவும் முன் எழுந்து, கூட்டி, கூடையில் அள்ளி, தெருமுனைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரும் தெளித்துவிடுவார். பகலில் உதிர்வதையும் விடமாட்டார். போகும்போது ஒரு கூட்டு, வரும்போது ஒரு கூட்டு.

எதிரே இட்லிக் கடை போட்டிருந்த பஞ்சவர்ணம் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அந்தப் பூ ஒங்களுக்கு என்ன சாமி பாவம் பண்ணுச்சு? கொஞ்ச நேரம் கெடந்துட்டுப் போகட்டுமே."

"பெரியவுக நடக்குற எடம்மா" என்றார் பிச்சையா. துடைப்பம் நிற்கவில்லை.

காலையில் சாமி கோலை ஊன்றி வெளியே வருவார். வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். தரையைப் பார்ப்பார்.

"சுத்தமா இருக்கா, சாமி?"

"சுத்தமா இருக்குப்பா."

அந்தச் சொல்லிலேயே பிச்சையாவுக்கு வயிறு நிறைந்துவிடும். சாமி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவார்.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே அங்கே இருந்தது. பிச்சையா ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கூட்டத்துல எனக்கு என்னத்தத் தெரியப் போகுது? நான் இங்கயே இருக்கேன்" என்றார் சாமி.

வைகாசி பிறந்தது. ஊர் திரும்பும் நாள். பையெல்லாம் கட்டியாயிற்று. வாசலில் சாமியை நிறுத்தி மேல்துண்டைச் சரிசெய்துவிட்டபோது பிச்சையாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, தப்பா நெனைக்கப்படாது. அழகரைப் பாக்கல, அம்மனைப் பாக்கல, பெறந்த வீட்டுப் பக்கம்கூடப் போவல. பெறகு எதுக்கு இம்புட்டு தூரம் வந்தோம்?"

சாமி சொன்னார்: "கொஞ்சம் நிமிந்து பாரு, பிச்சையா. மரம் எப்படி இருக்கு?"

பிச்சையா நிமிர்ந்தார். வந்ததிலிருந்து அந்த மரத்தடியில் குனிந்து கூட்டியவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக மேலே பார்த்தார்.

"பூவெல்லாம் முடிஞ்சிட்டு, சாமி. பிஞ்சு புடிச்சிருக்கு."

"இந்த வருசம் நல்லாப் பூத்துச்சா?"

"என்ன சாமி இப்படிக் கேக்கீக? பொரி கொட்டுன மாதிரில்லா கெடந்துச்சு! தெனமும் கூடை கூடையா நான்தான அள்ளி..."

சாமியின் குனிந்த கழுத்தைப் பார்த்தார்.

மரத்தில் இருக்கும் பூவை அந்தக் கழுத்து காணாது. கீழே விழுந்தால்தான் சாமிக்குப் பூ. அதை ஒன்று விடாமல் அள்ளிக் கொட்டிவிட்டு, சுத்தமா இருக்கா என்று வேறு கேட்டிருக்கிறார்.

"வாலிபத்துல நிமிந்த தலையோட இதே மரத்தடியிலதான் போவேன், வருவேன்" என்றார் சாமி. "அப்ப இது கண்ணுலயே படல. கழுத்து குனிஞ்சப்பறந்தான் நெனப்பு வந்துச்சு."

பிச்சையா தெருமுனைக்கு ஓடினார். தொட்டி காலியாக இருந்தது. திரும்பி வந்து மரத்தடியெல்லாம் தேடினார். தான் கூட்டிய வாசலில் ஒன்றாவது தப்பியிருக்குமா? கடைசியில் சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துப் பிரித்தார். ஈர்க்குகளுக்கு நடுவே ஒரு பூ சிக்கியிருந்தது. காய்ந்து, நிறம் போய், பாதி உதிர்ந்திருந்தது. அதைச் சாமியின் கால்களுக்கு முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சாமி அதை வெகு நேரம் பார்த்தார்.



"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி! ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா..."

"தெனமும் சொல்லத்தான் வெளிய வருவேன்" என்றார் சாமி. "ஒன் கொரல்ல அம்புட்டு சந்தோசம் இருக்கும். சரி, நாளைக்கும் பூ உதிரத்தான போகுது, நாளைக்குச் சொல்லிக்கிருவோம்னு இருந்துட்டேன்."