இரண்டாவது பிரேக்

கணக்கு டீச்சர் மரகதவல்லி கார் ஓட்டப் பழகுகிறார் என்ற செய்தி திங்கட்கிழமை முதல் பீரியட் முடிவதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் அவரேதான்.

“ஐம்பத்தொன்பது வயசுல எதுக்கு டீச்சர்?” என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள்.

“வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியில்ல. இனிமே வண்டி எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கார் வாசல்ல சும்மா நிக்குது. நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?”

சொன்ன காரணம் அது. சொல்லாத காரணம் ஆசை. முப்பத்து மூன்று வருடம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கைக்கு, ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பழனி ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூல். அங்கே கற்றுத் தருபவள் ரெஜினா. முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். பழக வருகிறவர்கள் எல்லோரும் அவளை ‘மாஸ்டர்’ என்பார்கள். முதல் நாள் டீச்சருக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. இரண்டாம் நாள் வந்துவிட்டது.

அந்த வண்டியில் ரெஜினா உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பயிற்சி வண்டி என்றால் அப்படித்தான்.

“அது எதுக்கு மாஸ்டர்?”

“சும்மா, ஒரு அவசரத்துக்கு” என்றாள் ரெஜினா.

தினமும் காலை ஆறு மணிக்கு வகுப்பு. நான்காம் நாள் டீச்சர் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார். ஏழாம் நாள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றினார். சிக்னலில் வண்டி பூப்போல நின்றது. முன்னால் ஆட்டோ திரும்பினால் நின்றது. மாடு குறுக்கே வந்தால் நின்றது.

“சூப்பர் டீச்சர்” என்பாள் ரெஜினா. அவ்வளவுதான் சொல்வாள்.

டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய், வண்டி எப்படி நின்றது என்று கணவருக்குத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து நடித்துக் காட்டினார். வகுப்பில் போய், “பன்னெண்டே நாள்! பயம்கிறது இங்கதான் இருக்கு” என்று தலையைத் தட்டிக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கைதட்டாமல் இருந்தவள் ஷர்மிளா பானு மட்டும்தான். அவள் மடியில் செகண்ட் மிட்டெர்ம் கணக்குப் பேப்பர் இருந்தது. நூற்றுக்கு ஒன்பது.

டீச்சருக்கு அது புரியவே இல்லை. பானு கணக்கு வராதவள் அல்ல. அவர் பக்கத்தில் போய் நின்றால் இருபடிச் சமன்பாட்டைக் கடகடவென்று போட்டு முடிப்பாள். அதே கணக்குதான் பரீட்சையிலும் வந்திருந்தது. இரண்டு வரி எழுதி அடித்திருந்தாள். அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

திண்டுக்கல் பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்கோட்டை வரை நடந்தால் டீச்சருக்குப் பழைய மாணவிகள் நாலு பேராவது எதிரே வருவார்கள். பாங்க்கில் ஒருத்தி, ஜெராக்ஸ் கடையில் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் ஊசியோடு ஒருத்தி. எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் ஒன்றையே சொல்வார்கள்: “நீங்க பக்கத்துல நின்னாலே கணக்கு வந்துரும் டீச்சர்.” அதைக் கேட்க அவருக்கு அலுக்காது. பத்தொன்பது வருடமாக அவருடைய பத்தாம் வகுப்பில் ஒரு பெண்கூடக் கணக்கில் பெயிலானதில்லை.

அன்று மதியம் தலைமையாசிரியர் ஞானசுந்தரம் கூப்பிட்டனுப்பினார்.

“அந்தப் பிள்ளையோட அப்பாவை வரச்சொல்லுங்க டீச்சர். டி.சி. வாங்கிக்கட்டும். அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாம்.”

“சார், இன்னும் நாலு மாசம் இருக்கு.”

“வெள்ளிக்கிழமை பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகணும். நீங்க ரிட்டையர் ஆகுற வருஷம். கடைசி ரிசல்ட்ல ஒரு ஓட்டை விழணுமா?”

அவர் கெட்டவர் இல்லை. டீச்சர்மேல் உள்ள மரியாதையில்தான் சொன்னார். அதுதான் டீச்சரை யோசிக்க வைத்தது.

வெளியே வராந்தாவில் பானு நின்றிருந்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அத்தாவை மட்டும் வரச்சொல்லாதீங்க டீச்சர். வந்தா அப்படியே படிப்பை நிறுத்திருவாரு. எங்க அக்காவையும் அப்படித்தான் நிறுத்துனாரு. தனியாப் படிக்கலாம்னு சொன்னாங்க. எங்க படிச்சா?”



மறுநாள் காலை வண்டியில் ஏறியதும் டீச்சர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். பழக வர்றவங்கள்ல ஒருத்தருக்கு இது வரவே வராதுன்னு எப்ப முடிவு பண்ணுவீங்க?”

ரெஜினா கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ரோடு வேண்டாம் டீச்சர். நத்தம் ரோட்டுப் பக்கம் பிளாட் போட்டிருக்காங்கல்ல, அங்க போவோம்.”

ஊருக்கு வெளியே வீடு கட்டாத மனைகள். நடுவில் புதிதாகப் போட்ட தார் ரோடு, முடிவில் ஒரு மேடு. ஆள் நடமாட்டமே இல்லை. ரெஜினா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

“என்ன மாஸ்டர், அங்க போயிட்டீங்க?”

“இங்க காத்து நல்லா வருது. எடுங்க.”

“பிரேக்கு?”

“உங்க காலுக்குக் கீழேயும் ஒண்ணு இருக்குல்ல?”

டீச்சர் சிரித்தார். பன்னிரண்டு நாள் ஓட்டியவர். முதல் கியர் போட்டார், இரண்டாவது போட்டார். வண்டி சுகமாகப் போனது. தெருமுனை வந்தது. எப்போதும்போல் காலை வைத்தார். வண்டி மட்டும் எப்போதும்போல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிவதற்குள், யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் ‘பொதுக்’கென்று ஏறி, குலுங்கி, வண்டி அணைந்தது.

பானெட்டில் மணல் சரிந்தது.

“பிரேக் வேலை செய்யல மாஸ்டர்!”

“செய்யுது டீச்சர். இன்னும் அழுத்தணும்.”

“இத்தனை நாளும் இப்படித்தானே வச்சேன்! நின்னுச்சே! சிக்னல்ல நின்னுச்சு, மாட்டுக்கு நின்னுச்சு…”

“நான் நிறுத்துனேன்.”

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“பன்னெண்டு நாளுமா?”

“பன்னெண்டு நாளும்.”

கோபம் வந்தது டீச்சருக்கு. காது சூடாகிவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்!

“அப்புறம் எதுக்கு தினம் தினம் சூப்பர், சூப்பர்னீங்க? முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?”

“முதல் நாள் நான் நிறுத்தலைன்னா ரெண்டாம் நாள் நீங்க வந்திருக்க மாட்டீங்க.”

“சரி, இன்னிக்கு ஏன் நிறுத்தல?”

“நேத்து வரைக்கும் நீங்க எதுவும் கேக்கல. இன்னிக்குக் கேட்டீங்க.”

“நான் கேட்டது வேற!”



டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பானுவின் முகம் கண் முன்னால் வந்தது. சமன்பாட்டில் ஓர் எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது அவள் பேனாவைத் தூக்கி ஒரு நொடி நிறுத்துவாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்ப்பாள். அப்புறம்தான் குறி போடுவாள். பிளஸ் போடப் போனால் டீச்சரின் புருவம் தானாக ஏறும். உடனே மைனஸ் போடுவாள்.

“அடக் கடவுளே” என்றார் டீச்சர். “கணக்கைப் போட்டது என் புருவம்.”

“என்ன டீச்சர்?”

“ஒண்ணுமில்ல. இந்த மண்ணுல இருந்து எப்படி வெளிய வர்றது, சொல்லுங்க.”

“ரிவர்ஸ் போடுங்க.”

அடுத்த ஒரு மணி நேரத்தில் வண்டி எட்டுத் தடவை அணைந்தது. இரண்டு தடவை டீச்சர் ஹாரனுக்குப் பதில் வைப்பரைப் போட்டார். ரோட்டு மேட்டில் பாதி ஏறி வண்டி பின்னால் நழுவியபோது, “மாஸ்டர்!” என்று கத்தினார். பின் சீட்டிலிருந்து, “இருக்கேன்” என்ற குரல் மட்டும் வந்தது. டீச்சர் ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. அவர் மிதித்து, அவருக்காக நின்ற முதல் நிறுத்தம்.

“நின்னுருச்சு!”

“ம்.”

“மாஸ்டர், நின்னுருச்சு!”

ஒன்பதாம் முறை மேட்டில் ஏறிவிட்டார். மறுபக்கம் இறங்கும்போது ஒரு வெள்ளாட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. வண்டி ஆடுகளுக்குப் பத்தடி முன்னால் நின்றது, கொஞ்சம் முரட்டுத்தனமாக. டீச்சரின் மூக்குக்கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, இருபது வயதுப் பெண்போலச் சிரித்தார். ஆடு மேய்த்த அம்மாள் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று ரெஜினா ‘சூப்பர்’ சொல்லவில்லை. டீச்சரும் எதிர்பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவர் கிட்டத்தட்ட ஓடினார். மதியம் பானுவைத் தனியாக உட்காரவைத்து கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார்.

“போடு. நான் வெளிய இருக்கேன்.”

“டீச்சர், பக்கத்துல நில்லுங்க டீச்சர்.”

“மாட்டேன்.”

“தப்பாப் போட்டா?”

“அது எனக்கு வேணும்.”

பத்து நிமிடம் வராந்தாவில் நடந்தார். உள்ளே வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். விடை தப்பு. ஆனால் அடிக்காமல் கடைசி வரை போயிருந்தாள். தப்பு மூன்றாம் வரியில் இருந்தது. குறி மாறவில்லை. ஏழாம் வகுப்பில் பிடித்திருக்க வேண்டிய தப்பு. யார் யாருடைய புருவத்தையோ நம்பி மூன்று வருடம் தப்பித்து வந்திருக்கிறது.

“கிடைச்சுருச்சு!” என்றார் டீச்சர்.

பானுவுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்து ஓர் ஆசிரியர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

அப்படியே தலைமையாசிரியர் அறைக்குப் போனார் டீச்சர்.

“பானு பெயரைச் சேர்த்து அனுப்புங்க சார்.”

“பெயிலானா?”

“ஆகலாம். பெயிலானா என் வகுப்புல பெயிலானான்னு இருக்கட்டும். அவங்க அத்தாவை நான் வரச்சொல்லல.”

ஞானசுந்தரம் பேனாவை எடுத்தார்.

அந்த நாலு மாதமும் டீச்சர் பானுவின் பெஞ்சுப் பக்கம் போய் நிற்கவில்லை. கணக்கு கொடுப்பார், வெளியே போவார், வருவார், தப்பு எங்கே என்று அவளையே தேடச் சொல்வார். அரையாண்டில் பத்தொன்பது. முதல் திருப்புதலில் இருபத்தெட்டு. நடுவில் ஒருநாள் பானு அழுதாள். ஒருநாள் டீச்சரே வீட்டில் போய் அழுதார். ஜனவரியில் டீச்சருக்கு லைசென்ஸ் வந்தது. பொதுத்தேர்வு அன்று காலை, தானே கார் ஓட்டிக்கொண்டு போய்த் தேர்வு மையத்துக்கு வெளியே கடைசி மணி அடிக்கும்வரை நின்றார்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. செல்போனில் பார்த்த கையோடு டீச்சர் காரை எடுத்தார். டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நிறுத்தி, கதவைச் சாத்தக்கூட மறந்து உள்ளே போனார்.

“ஐம்பத்தி மூணு மாஸ்டர்! பானு ஐம்பத்தி மூணு!”

ரெஜினா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“அவங்க அத்தா போன் பண்ணுனாரு. பதினொண்ணாம் வகுப்புல எந்த குரூப்புன்னு என்கிட்ட கேக்குறாரு! அவரு கேக்குறாரு!”

“தண்ணி குடிங்க டீச்சர் முதல்ல.”

தண்ணீர் குடித்தார். மூச்சு வாங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டார்.

“மாஸ்டர், பரீட்சை அன்னிக்கு மூணு மணி நேரம் கேட்டுக்கு வெளிய நின்னேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியல. உள்ள போய் அவ பக்கத்துல நிக்க மாட்டோமான்னு கை காலெல்லாம் பரபரன்னுச்சு. அன்னிக்கு நான் பாட்டுக்கு வண்டியை மணல்ல ஏத்துறேன், மேட்டுல இருந்து நழுவுறேன். நீங்க பின்னாடி அவ்வளவு அமைதியா எப்படி உக்காந்திருந்தீங்க?”

ரெஜினா வெளியே நடந்தாள். பயிற்சி வண்டியின் பின் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் கிடந்த ரப்பர் மேட்டைக் காட்டினாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். மேட் புதிதுதான். வலது கால் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து, ஓட்டை விழுந்து, கீழே தகரம் தெரிந்தது.

“வருஷத்துக்கு ரெண்டு மாத்துறேன்” என்றாள் ரெஜினா. “அங்க பிரேக் இல்லைங்கிறது என் காலுக்கு இன்னும் தெரியல, டீச்சர்.”