தண்ணீர் சொன்ன சாட்சி

ஒரு ஊரில் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் முதுகுக்குள்ளே இரண்டு தசைகள் குடியிருந்தன. தோலுக்குக் கீழே வாட்டசாட்டமாக இருந்தது மேல்தசை. அதற்கும் உள்ளே, எலும்பை ஒட்டி ஒண்டிக் கிடந்தது உள்தசை.

பிள்ளை பிறந்த பிறகு உள்தசை அசந்து தூங்கிவிட்டது. மேல்தசை ஒற்றை ஆளாய் இழுத்து இழுத்து இறுகிப்போனது. வலியில் வடிவாம்பாளால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்க முடியவில்லை. அது அழுதால் மாமியார்தான் தூக்கிவந்து மடியில் போட வேண்டும்.

டாக்டரம்மா ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பிள்ளை தவழ்கிற மாதிரி கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கையை முன்னாலும் எதிர்ப்பக்கத்துக் காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். அவள் செய்வதைப் பார்த்துப் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். இவளுக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் விடவில்லை.

"உள்தசை முழிச்சுக்கிச்சான்னு ஸ்கேன்ல பார்ப்போம். முழிச்சிருந்தா பிள்ளையைத் தூக்கலாம். இல்லேன்னா இடுப்புக்குப் பெல்ட்தான், தூக்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

கேட்டதும் உள்தசைக்குக் கவலை வந்துவிட்டது. முழித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அத்தனை ஆழத்தில் கிடப்பவன் செய்கிற வேலை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

"எதுக்குடா பயப்படுறே? கேட்டா எல்லாம் நான்தான் செஞ்சேன்னு சொல்லிடுறேன்" என்று சிரித்தது மேல்தசை.

"அப்படிச் சொல்லிடாதேண்ணே. பெல்ட்டைக் கட்டிட்டா நான் மறுபடி தூங்கிடுவேன்."

ஸ்கேன் அறையில் பெரிய வளையத்துக்குள் காந்தம் குடியிருந்தது. சும்மா படுக்கவைத்து முதலில் ஒரு படம் எடுத்தார்கள். பிறகு வெளியே வந்து, வேர்க்க வேர்க்கப் பயிற்சி செய்துவிட்டு, வடிவாம்பாள் மறுபடி உள்ளே போய்ப் படுத்தாள்.

"அசையாம இரும்மா. சத்தத்துக்குப் பயப்படாதே" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் எடுக்கிற பெண் கதவைச் சாத்தினாள்.

டம் டம் என்று காந்தம் பேசியது. "யார் வேலை செய்தது?"

"நான்!" என்றது மேல்தசை, முந்திக்கொண்டு.

"உன்னைக் கேட்கவில்லை. தண்ணீரைக் கேட்டேன்."

உள்தசை அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. தொட்டவர் இல்லை, கத்தி வைத்தவர் இல்லை. ஆனால் உடம்பிலிருந்த நீர்த்துளிகள் எல்லாம் காற்றுக்கு நாற்று சாய்கிற மாதிரி ஒரே பக்கம் திரும்பின. எத்தனை கோடியோ! இத்தனை பேரா எனக்குள் இருந்தார்கள் என்று அது வியந்துபோனது.

"உழைச்ச இடத்துக்குத்தான் நாங்க ஓடுவோம்" என்றது ஒரு துளி. "இப்ப எல்லாரும் இங்கேதான் கூடியிருக்கோம்."

காந்தம் இரண்டு படத்தையும் காட்டியது. முதல் படத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே சாம்பல் நிறம். இரண்டாவதில் அண்ணன் அதே சாம்பல். தம்பி மட்டும் எலும்புக்கு இரண்டு பக்கமும் பால் ஊற்றின மாதிரி வெள்ளைவெளேர் என்று இருந்தது.

மேல்தசை துள்ளியது. "பார்த்தியா, பார்த்தியா! உன் சாயம் வெளுத்துப்போச்சுடா!"

உள்தசை கூனிக்குறுகியது. சரிதான், பெல்ட்தான் என்று நினைத்துக்கொண்டது.

அந்த நேரம் வெளியே ஸ்கேன் எடுத்த பெண் சத்தமாகச் சொன்னாள்: "மேடம், இங்கே பாருங்களேன்! உள்தசை வெளுத்து வாங்கியிருக்கு!"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வடிவாம்பாளைக் கூப்பிட்டார். "வெள்ளையாத் தெரியுது பாரு, அதான் வேலை செஞ்ச இடம். தண்ணி வந்து சேர்ந்திருக்கு. போ, உன் பிள்ளையைத் தூக்கு. குனிஞ்சு தூக்காதே, குத்தவெச்சு எழுந்திரு."

"வெளுக்கிறதுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கா?" என்று முணுமுணுத்தது மேல்தசை.

வராந்தாவில் மாமியார் கீழே இறக்கிவிட்டிருந்த பிள்ளை, அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. வடிவாம்பாள் பயந்து பயந்து குத்தவைத்தாள். அணைத்துக்கொண்டாள்.

மேல்தசை வழக்கம்போலத் தானே இழுத்துப்பிடிக்கப் பதறியடித்து ஓடி வந்தது.

அதற்குள் பிள்ளை தோளில் இருந்தது.