மலையைச் சுற்றிய செக்குமாடு

காளை மலை ஏறவில்லை. விடிந்ததிலிருந்து நடந்தது. நாக்குத் தள்ள நடந்தது. மலையில் ஓரடிகூட ஏறவில்லை.

அதன் பெயர் மயிலையன். ஆயுள் முழுக்க எண்ணெய்ச் செக்கு இழுத்த மாடு. வயதாகிவிட்டதென்று செக்குக்காரர் அவிழ்த்து விட்டார். காட்டோரம் புல்லை மேய்ந்து படுத்துக் கிடந்திருக்கலாம். கிடக்கவில்லை.

காரணம் இருந்தது. காட்டின் கிழக்குப் பக்கம் தீயில் கருகிப்போனது. தாயை இழந்த மான்குட்டிகள் தின்ன இலையின்றி மேற்கே வந்து மரத்தடியில் சுருண்டு கிடந்தன. அங்கே மரமெல்லாம் இலைதான். ஆனால் அவை குரங்குகளின் மரங்கள். சும்மா கேட்டால் கொடுக்குமா? அதுதான் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பிறருக்காக ஒருவர் கடினமான காரியத்தைச் செய்து முடித்தால், ஒப்புக்கொண்டவர் கொடுத்தே ஆகவேண்டும்.

"நான் மலை உச்சிக்கு ஏறுகிறேன். ஏறிவிட்டால் மழை வரும்வரை குட்டிகளுக்கு இலை உதிர்ப்பீர்களா?" என்று காளை கேட்டது.

குரங்குத் தலைவன் கடுவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஓய்வு பெற்ற பெரியவரே, போய்த் தூங்கும்! சரி, நாளை முழுநிலா எழுவதற்குள் ஏறும். இல்லாவிட்டால் ஓர் இலைகூடக் கிடையாது!"

மறுநாள் ஒரே பனி. பால் கொட்டியது போல மூட்டம். மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. செக்கடியில் கண்ணைக் கட்டி நடந்த பழக்கம், காளை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. மேகத்தின்மேல் நடப்பதாக நினைத்தது. தரையில் குளம்புத் தடங்கள் தெரிந்தன.

"அட! எனக்கு முன்னால் யாரோ ஏறியிருக்கிறார்கள்!"

போகப் போகத் தடங்கள் பெருகின. "ஒரு கூட்டமே போயிருக்கிறதே! துணைக்குப் பஞ்சமில்லை!"

உச்சிவேளையில் பனி விலகியது. மலையடிவாரத்தில் ஒரு மருதமரம். அதைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை. அத்தனையும் காளையின் குளம்புகளே!

"எண்ணெய் எவ்வளவு வந்தது, பெரியவரே?" என்று கத்திக் குரங்குகள் உருண்டு சிரித்தன.

காளை மலையைப் பார்த்து நேராக நடந்தது. கால் தானாக வளைந்தது. திரும்பவும் அதே மரம்! தூரத்தில் கடைக்குட்டி மான் தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. காளை முழங்காலிட்டது.

"இன்னும் எத்தனை தரம் சுற்றுவீர்? பார்த்துப் பார்த்து எனக்குத் தலை கிறுகிறுக்கிறது!" என்றது ஒரு குரல். மரத்தில் ஒட்டியிருந்த நத்தை.

"என் காலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

"காலைத் திட்டாதீர். என் முதுகைப் பாரும். நேராக ஒரு கோடு உண்டா?"

காளை உற்றுப் பார்த்தது. ஓட்டின் கோடு விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று.

"இல்லை."

"உச்சி உண்டா?"

"உண்டு!"

"அப்புறம் என்னய்யா? மரத்தை விடும், மலையைச் சுற்றும்! செக்குப் பக்கம் சாய்ந்துதானே நடப்பீர்? மலையில் அந்தப் பக்கம்தான் மேடு!"

காளை எழுந்தது. மலையைச் செக்காக நினைத்துக்கொண்டது. கண்ணை மூடிச் சாய்ந்து நடந்தது. மலை மெல்லச் சுழல்வது போலிருந்தது. எங்கிருந்தோ எள் வாசம் வந்தது. மேகம் வயிற்றை உரசிக்கொண்டு போனது. காடு கீழே, பச்சைத் தண்ணீரைப் போலச் சுற்றியது. நடந்தது, நடந்துகொண்டே இருந்தது.

திடீரென்று சாய மேடு இல்லை. கண்ணைத் திறந்தது. நாலு பக்கமும் வானம்!

"அம்மா!" என்று கதறியது. அதற்கப்புறம்தான் நிலா எழுந்தது.

"சுற்றி ஏறினால் செல்லாது! நேராக ஏறவேண்டும்!" என்று கீழே கடுவன் குதித்தது.

"நேராக என்று எப்போது சொன்னீர்? பேசாமல் கிளையை உலுக்கும்!" என்று அதட்டியது அதன் பெண்சாதி.

நிலா வெளிச்சத்தில் இலை மழையாகக் கொட்டியது. கடைக்குட்டி மான் தலையைத் தூக்கி ஒன்றைக் கவ்வியது.

பழகிய காலைக் கொண்டே பெரிய காரியமும் செய்யலாம், எதைச் சுற்றுவது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அதைச் சொல்லிக் கொடுத்தது நத்தை.