ஊதாவாக மாறாத குடுவை

கோதண்டம் காலையிலிருந்து உட்காரவில்லை.

நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். மூன்று வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். விடுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம்தான். ஆய்வுக் கட்டுரையை அனுப்ப அன்று மாலை ஐந்து மணி கெடு.

தோல் பதனிடும் ஊர்களில் கழிவிலுள்ள குரோமியம் நிலத்தில் இறங்கி, கிணறுகள் மஞ்சளாகிவிட்டன. அந்த மண்ணிலேயே கிடைத்த ஒரு பாக்டீரியா, நஞ்சுக் குரோமியத்தைத் தீங்கு குறைந்ததாக மாற்றுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு.

மேசைமேல் கிணற்று நீரும் பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சர்க்கரையும் விட்ட ஆறு குடுவைகள். ஐந்தில் பாக்டீரியா உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆறாவதில் இல்லை. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால், நஞ்சு மிச்சமிருக்கும் நீர் ஊதாவாகும். ஐந்தும் ஆகவில்லை. கொண்டாட வேண்டிய விஷயம். ஆனால் ஆறாவதும் ஆகவில்லை.

புதுத் திரவம் கலக்கி மறுபடி விட்டுப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

மற்ற தடவைகளில் அந்த ஆறாவது குடுவையை இரண்டாம் நாளே, ஊதாவாவதைப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுவார். வைக்க இடம் போதாது. இந்தத் தடவை மறந்துபோய் மற்ற ஐந்தைப் போலவே நான்கு நாள் விட்டிருந்தார்.

வராந்தாவில் நாலு நடை நடந்துவிட்டு, வழிகாட்டிப் பேராசிரியர் ஷமீமாவின் அறைக்குள் போனார். அவர் கோதண்டத்தைவிட எட்டு வயது இளையவர்.

"மேடம், ஆறுல அஞ்சு சரியா வந்திருக்கு."

"ஆறாவது?"

"அதுவும் ஊதாவாகல."

"பாக்டீரியா இல்லாமலேயா?"

"தீனியா போட்ட சர்க்கரையே மாத்தியிருக்கும் போல. இல்ல, கை தவறி ஏதாவது கலந்திருக்கும். அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டு அனுப்பிடலாமா மேடம்? எப்பவும் அதுக்கு ரெண்டு நாள் கணக்குதானே காட்டுவோம்."

ஷமீமா கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அலமேலும்மா, ஷமீமா பேசறேன். கோதண்டம் சார் ஒரு விஷயம் சொல்லணுமாம்."

கோதண்டத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருடமாக மாதம் தவறாமல் தன் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ் ஏற்றி அனுப்புகிறவள் அலமேலு.

"சொல்லுங்க சார்! சரியாயிடுச்சா? நீங்க கிருமி கலந்து வெச்ச தொட்டித் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாமா?"

"அது... அஞ்சு குடுவையில நல்லா வந்திருக்கும்மா."

"அப்போ காட்டலாம்ல?"

கோதண்டம் ஷமீமாவைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? வெயில் கொளுத்துது. மாடு தவிக்குது. அரை மைல் ஓட்டிட்டுப் போயி ஏரித்தண்ணி காட்டறேன். நீங்க சொன்னா இங்கியே அவுத்து வுட்டுருவேன்."

"வேணாம்மா. வுடாதீங்க. கிருமி போடாத குடுவையிலயும் நஞ்சு போயிடுச்சு. வேலை செஞ்சது கிருமியா, நான் ஊத்தின சர்க்கரையான்னு எனக்கே தெரியல. இத்தனை நாளும் அந்தக் குடுவையைச் சீக்கிரமா கொட்டிட்டேன். என் தப்புதான். முதல்லேருந்து பார்க்கணும்."

மறுமுனையில் மாட்டின் கழுத்து மணி கேட்டது.

"சரி சார். நல்லவேளை கேட்டேன். இந்த மாசமும் தண்ணி அனுப்பவா?"

"அனுப்புங்கம்மா."

கைபேசி அணைந்தது. கோதண்டம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி மூன்றே கால்.

"மூணு வருஷம் மேடம். இனி அஞ்சு மணிக்குள்ள நான் என்னத்தை எழுதி அனுப்ப?"

"அலமேலும்மாகிட்ட சொன்னீங்களே," என்றார் ஷமீமா, "அதுல ஒரு வார்த்தை குறையாம எழுதுங்க."