ஈயம் போன அண்டா

மழை பொய்த்துப்போன வருஷம் அது. ஊரெல்லாம் அடுப்பு அணைந்துவிட்டது. ஆற்றங்கரை மடத்தில் மட்டும் அணையவில்லை. அக்கம்பக்கத்து ஜனம் அங்கேதான் வந்து இலை போட்டு உட்காரும்.

மடத்துக்குத் தலைவி வடிவாம்பிகை அம்மை. அதிகம் பேசமாட்டாள். அடுக்களைப் பொறுப்பு அவளுடைய சீடன் திருமேனிக்கு. அம்மையைவிட வயதில் மூத்தவன், தலை நரைத்தவன். ஆனாலும் அவளைத் ‘தாயே’ என்றுதான் கூப்பிடுவான். செய்யுளும் நன்றாகக் கட்டுவான்.

ஒரு நாள் காலை அம்மை பூஜைக்கு வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தாள். திருமேனி வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“என்னப்பா?”

“ஒரு சந்தேகம், தாயே. நல்லது செய்கிற இடத்தில் ஒரு தப்பு நடந்துபோகிறது. வெளியே சொன்னால் அந்த இடமே கெட்டுப்போகும். அப்போதும் சொல்லத்தான் வேண்டுமா?”

அம்மை வில்வத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த அண்டாவா?” என்று கேட்டாள்.

திருமேனி சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

“நீ பாத்திரம் துலக்கி நான் பார்த்ததே கிடையாது. ஊரில் பலருக்கு வாந்தி கண்ட அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பெரிய அண்டாவைத் தேய்த்தாய். அதனால் கேட்டேன்.”

அப்புறம் அவன் எதையும் மறைக்கவில்லை.

பித்தளை அண்டாவுக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் தேய்ந்துபோனால், புளி சேர்ந்த சோறு அதில் ராத்தங்கக் கூடாது. பச்சையாகக் களிம்பு ஏறி, சோறே விஷமாகிவிடும். ஈயம் பூசுகிறவர் வாசலுக்கு வந்தபோது, “ராஜா வந்து போகட்டும், பிறகு பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்பியவன் திருமேனி. அண்டாவை இறக்கினால் பந்தி நின்றுவிடுமே என்று நினைத்தான். பஞ்சத்தில் ஒரு பருக்கையும் கொட்டக் கூடாது என்பது மடத்து வழக்கம். ஒரு ராத்திரி புளிச்சோறு மிஞ்சிவிட்டது. அந்த அண்டாவிலேயே கிடந்தது. விடிந்ததும் முதலில் வந்தவர்களுக்கு அதைத்தான் பரிமாறினார்கள்.

பலருக்கு வாந்தி. மற்ற எல்லோரும் தேறிவிட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் தேறவில்லை. அண்டா காலியான பிறகுதான் திருமேனி அடியில் இருந்த பச்சையைப் பார்த்தான்.

“ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?”

“வாந்திபேதி என்கிறார்கள். அந்தப் பிள்ளை காட்டுக்கிழங்கு தின்றதாகவும் சொல்கிறார்கள்.”

“நீ என்ன சொன்னாய்?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை.” அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “தாயே, நாளை மறுநாள் ராஜா வருகிறார். மடத்தைப் பற்றி நான் எழுதிய பாட்டைக் கேட்கப் போகிறார். மனம் குளிர்ந்தால் வண்டி வண்டியாக நெல் வரும். இதைச் சொன்னால் அவரும் திரும்பிப் போவார், ஜனமும் நம் சோற்றைத் தொடாது. போன பிள்ளை போய்விட்டான். இருக்கிற பிள்ளைகளைப் பட்டினி போடவா?”

அம்மை எழுந்தாள்.

“பாட்டு முடிந்துவிட்டதா?”

“முடிந்தது.”

“எடுத்துக்கொள். ஓர் இடம் போய்வருவோம்.”

வெயிலில் நடந்தார்கள். ஊர்க்கோடியில் ஒரு குடிசை. அம்மை குனிந்து உள்ளே போனதும் திருமேனிக்குப் புரிந்துவிட்டது. கால் வாசலிலேயே நின்றது.

“உள்ளே வா” என்றாள் அம்மை.

செத்துப்போன பிள்ளையின் தாய் பேச்சி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். பானை கவிழ்ந்து கிடந்தது. அடுப்பில் ஒரு பூனை சுகமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் புளியங்கொட்டையைக் கன்னத்தில் அடக்கிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“அடுப்பு எரியவில்லையே, பேச்சி?”

“நான் பொங்க மாட்டேன் தாயி. பிள்ளையக் கொன்ன கை இது. எம் புருஷனே இந்தக் கையால தண்ணி வேண்டாம்னு போயிட்டாரு.”

“இவளையாவது மடத்துக்கு அழைத்து வரலாமே.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தியில வந்து உக்காருவேன்?” பேச்சி திருமேனியைப் பார்த்தாள். “சாமிக்குத் தெரியாது. அன்னைக்கு முந்தின ராத்திரி காட்டுக்கிழங்கு அவிச்சேன். தண்ணி மாத்தி மாத்தி அவிச்சாத்தான் விஷம் போகும். பய பசி பசின்னு சிணுங்கினான். பொறுக்காம இறக்கிட்டேன். இவ தூங்கிட்டா, தப்பிச்சா. விடிஞ்சதும் பயந்துபோயி அவன மடத்துக்குத் தூக்கிட்டு ஓடியாந்தேன். உங்க சோறு அமுதமாச்சே, உள்ள போனா விஷத்த முறிச்சுப்புடும்னு நெனச்சேன். எங் கிழங்கு முந்திக்கிட்டுது.”

திருமேனி தரையைப் பார்த்தான்.

“இவர் மடத்தைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார், பேச்சி” என்றாள் அம்மை. “ராஜா கேட்பதற்கு முன்னால் நீ கேள். படி, திருமேனி.”

“தாயே…”

“படி.”

“நல்லாப் படிங்க சாமி. கேக்கக் குடுத்து வைக்கணுமே” என்றாள் பேச்சி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

திருமேனி ஓலையை எடுத்தான்.

“வந்தார்க்கு இலையிட்டோம், வாடினார்க்கு நீரளித்தோம்.
நொந்தார்க்குத் தோள்கொடுத்தோம், நூறூரைக் காத்திருந்தோம்.
பந்தியில் உண்டெவரும்…”

நிறுத்தினான். அடுத்த சொல் ‘உயிர்தழைத்தார்’ என்று இருந்தது.

“பந்தியில் உண்டெவரும்…”

பேச்சி கும்பிட்ட கையை இறக்காமல் காத்திருந்தாள். சின்னப் பெண்ணும் சப்புவதை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

அவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. ஓலை கையிலிருந்து நழுவியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“கிழங்கு இல்லையம்மா” என்றான். “எங்கள் அண்டா.”

எல்லாவற்றையும் சொன்னான். ஈயத்தைச் சொன்னான். பச்சையைச் சொன்னான். தேய்த்ததையும் சொன்னான்.

பேச்சி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கு என் இலையில இருந்ததையும் அவனுக்குத்தான் ஊட்டினேன்” என்றாள் மெதுவாக. “அமுதம்னு.”

பிறகு திருமேனியை நேராகப் பார்த்தாள்.

“இத்தனை நாளும் நீங்க சோறு தின்னீங்களா, சாமி?”

“…தின்றேன்.”

“நான் தின்னல.”

அம்மை முன்னால் வந்தாள். “அண்டா இவர் வீட்டுச் சொத்து இல்லை, பேச்சி. மடத்துடையது. மடம் என் பொறுப்பு. என்னையும் கேள்.”

பேச்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பூனையை விரட்டினாள். கவிழ்ந்திருந்த பானையை நிமிர்த்தினாள்.

“ஏட்டி, எந்திரி. சுள்ளி பொறுக்கிட்டு வா” என்றாள் மகளிடம்.

பிறகு அவர்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். போங்க.”

போனார்கள். பாதி வழியில் திருமேனி எட்டி நடந்து அம்மையை ஒட்டி வந்தான்.

“நாளைக்குப் பந்திக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள், தாயே.”

“வரமாட்டார்கள்தான். அந்த அண்டாவை வாசலில் எல்லோரும் பார்க்கக் கவிழ்த்து வை. ஏன் கவிழ்ந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல். மண்பானையில் பொங்கு. முதல் பிடியை நான் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.”

“அப்போதும் வராவிட்டால்?”

“மறுநாளும் பொங்கு.”

தூரத்தில் மடத்துப் புகை தெரிந்தது. திருமேனி மடியைத் தடவிப் பார்த்தான். ஓலை அந்தக் குடிசையிலேயே விழுந்து கிடக்கும். போனால் என்ன, பாட்டு அவனுக்கு மனப்பாடம்.

“ராஜா வந்து பாட்டு எங்கே என்று கேட்டால், நான் எதைப் படிப்பேன், தாயே?”

அம்மை நிற்காமல் நடந்துகொண்டே சொன்னாள்.

“அவள் முன்னால் எதுவரைக்கும் படிக்க முடிந்ததோ, அதுவரைக்கும் படி.”