அரிசி மொடாவும் வெறும்பானைப் பூதமும்

ஒரு ஊர்ல ஒரு பேச்சி இருந்தா. பேச்சின்னா அவ பேரு பேச்சியம்மா. பேய் இல்ல, இப்பவே போர்வையை இழுத்து மூடாத. பூதம் அப்புறம்தான் வரும். அவளுக்குச் சுடலைன்னு ஒரு புருஷன், வடிவுன்னு ஒரு மக. உன்னை மாதிரியே இத்துனூண்டு, உன்னை மாதிரியே சொன்ன பேச்சு கேக்காது. ம் கொட்டுறியா?

"ம்."

கொட்டணும். அத்தை தொண்டை வலிக்கச் சொல்லிட்டிருக்கும்போது பாதியில தூங்கினேன்னு வையி, எனக்குப் பொல்லாத கோவம் வரும்.

சுடலை பண்ணையில வேலை பார்த்தான். அமாவாசைக்கு மறுநாள் மாசக் கூலியா அரிசி, பருப்பு, புளி, மிளகா வத்தல் எல்லாம் அளந்து போடுவாங்க. அதை வச்சு அடுத்த அமாவாசை வரைக்கும் ஓட்டணும். அவனுக்கோ ஓட்டைக் கை. வளர்பிறையில அந்த வீட்ல வடை, பாயசம், வர்றவன் போறவனுக்கெல்லாம் இலை. தேய்பிறையில வெறும் தண்ணி. பேச்சி ஏதாவது கேட்டா, "நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாப்போம் புள்ள"ன்னு சிரிப்பான். நல்ல மனுஷன்தான். ஆனா நல்ல மனுஷனைக் கட்டினவளுக்குத்தான் அடுப்படியில எரியுறது தெரியும்.

அப்போ அந்தப் பக்கத்துல ஒரு பூதம் இருந்துச்சு. வெறும்பானைப் பூதம்னு அதுக்குப் பேரு. அமாவாசை அன்னிக்கு விளக்கு வச்சதும் திம், திம், திம்னு ஒவ்வொரு வீடா வரும். வந்து அரிசி மொடாவைத் தட்டிப் பாக்கும். மொடான்னா இடுப்பு உசரத்துக்குப் பெரிய மண்பானை. அடியில ஒரு பிடி அரிசி கிடந்தாலும் தொத்துன்னு கேக்கும், பூதம் பேசாம போயிரும். வழிச்செடுத்த மொடான்னா டங்ங்ங்னு கேக்கும். டங்னு கேட்டா அந்த வீட்ல உசிருள்ளது ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிரும்.

சுடலை வீட்ல ஒரு அமாவாசைக்கு டங். கோழி போச்சு. அடுத்த அமாவாசைக்கும் டங். பால் கறந்த ஆடு போச்சு. ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு, பூதம் வடிவை ஒரு பார்வை பார்த்துச்சு. "அடுத்த தடவையும் டங்னு கேட்டா, இவதான்"னு சொல்லிட்டுப் போச்சு.

"நிஜமாவா அத்தை?"

கதையில நிஜம். ம் மட்டும் சொல்லு.

"ம்."

அன்னிக்கு ராத்திரி பேச்சி மகளை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் படுத்தா. மறுநாள் கூலி வந்ததும் அவ முதல் காரியமா ஒரு தேங்காச் சிரட்டையை எடுத்து நல்லாத் தேய்ச்சுக் கழுவினா. "இனி இதுதான் அளவு. விடிஞ்சதும் ஆளுக்கு ஒரு சிரட்டை எடுப்பேன். எடுத்ததும் மொடாவை மூடி போட்டு, மேல துணியால கட்டிருவேன். மறுநாள் சூரியன் வர்ற வரைக்கும் யாரு வந்தாலும் கட்டு அவிழாது"ன்னா. பருப்புக்கு ஒரு அளவு, எண்ணெய்க்கு ஒரு கரண்டி, வத்தலைக் கூட எண்ணித்தான் கிள்ளுவா. சுடலை தலையைத் தலையை ஆட்டினான்.

அப்புறம் என்ன ஆச்சு? ஆட்டின தலை ஒரு வாரம் கூடத் தாங்கலை. சந்தைக்குப் போனவன் மூணு தடியன்களைக் கூட்டிட்டு வந்து நிக்கான். "பேச்சி, நம்ம சேக்காளிங்க. கறிக்குழம்பு வேண்டாம், சும்மா ஒரு சோறு போதும்"னான். சும்மா சோறாம்! பேச்சி கட்டின துணியைப் பார்த்தா, மகளைப் பார்த்தா. மொடா பக்கமே போகலை. வீட்டுக்கு எடுத்து வச்ச அதே அரிசியைப் பானையில போட்டு, தண்ணியைக் கொடகொடன்னு ஊத்தி, கொல்லையில இருந்த முருங்கைக்கீரையை உருவிப் போட்டு ஒரு கஞ்சி காய்ச்சினா. தடியனுங்க சர்ர் சர்ர்னு உறிஞ்சினாங்க. சுடலைக்கு முகம் இத்துனூண்டா சுருங்கிருச்சு. ஆனா மொடா தப்பிச்சுது.

"ம்."

அப்புறம் கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. கொடைக்குச் சுடலையோட தங்கச்சி கோமு, பிள்ளைகளோட வந்து இறங்கிட்டா. அவ வாய் இருக்கே, அது ஒரு தனிப் பூதம். "மதினி, எங்க வீட்ல தினம் பருப்பும் நெய்யும் இல்லாம பிள்ளைங்க இலையில கையே வைக்காது"ன்னு வந்தன்னிக்கே ஆரம்பிச்சுட்டா. சுடலை பேச்சியோட பின்னாலேயே அலைஞ்சான். "கூடப் பிறந்தவளாச்சே புள்ள. ஒரே ஒரு தடவை கட்டை அவிழ்த்துரு." பேச்சி, "அவிழ்க்கேன். வடிவை நீங்க பூதத்துக்கிட்ட இருந்து வாங்கிக் குடுப்பியளா?"ன்னு கேட்டா.

அப்போ பேச்சி என்ன செஞ்சா தெரியுமா? தன் சிரட்டையை நிறுத்திட்டா. தன் பங்கைக் கோமு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுட்டு, நீராகாரத்தை மடக் மடக்னு குடிச்சிட்டுப் படுத்துக்கிட்டா. நன்றியா சொன்னா அந்தக் கோமு? கிளம்பும்போது தெருவே கேக்கிற மாதிரி, "என் அண்ணன் வீட்ல மொடாவுக்கும் கட்டு, வாய்க்கும் கட்டு! பிச்சைக்காரி கூட இவளைவிட நல்லாச் சோறு போடுவா"ன்னு கத்திட்டுப் போனா. பேச்சிக்கு அவமானம் தாங்கலை. கொல்லைப்பக்கம் போயி, சேலையை வாயில அமுக்கிக்கிட்டு அழுதா. அழுதுட்டு வந்து மொடாக் கட்டை இன்னொரு சுத்து சுத்தி இறுக்கினா.

ஏட்டி, தூங்கிட்டியா?

"இல்ல. பூதம் எப்ப வரும்?"

வருது, வருது. அமாவாசையும் வந்துருச்சு. அன்னிக்குக் காலையில அளந்தது போக, மொடா அடியில அரைச் சிரட்டை அரிசி மிச்சம். அரைச் சிரட்டை! ஒரு பிடிதான் தேறும். கட்டுறதுக்கு முன்னால பேச்சி அதைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டா. மத்தியானச் சோறும் முடிஞ்சு பானை கழுவியாச்சு. வெயில் தாழ ஆரம்பிச்சுது. இன்னும் கொஞ்ச நேரந்தான், பூதம் வந்து தட்டும், தொத்துன்னு கேக்கும், முடிஞ்சுது.

அப்போ வாசல்ல ஒரு குரல். "தாயி... கொஞ்சம் கஞ்சி இருக்குமா?"

எட்டிப் பார்த்தா, நிறைமாசப் பிள்ளைத்தாச்சி. அம்மா வீட்டுக்கு நடந்து போறாளாம். காலு ரெண்டும் வீங்கி, உதடு காய்ஞ்சு, நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பேச்சி கட்டை அவிழ்க்கப் போனா. அப்போ யாரு தடுத்தா தெரியுமா? சுடலை! ஊருக்கே இலை போட்ட சுடலை, மொடாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். "தொடாத பேச்சி! உன் காலைப் பிடிக்கேன். என் மக போயிருவா."

பேச்சி மகளைப் பார்த்தா, வாசலைப் பார்த்தா. இவ்வளவு நாளும் அவமானத்தைத் தாங்கினது எதுக்கு, பட்டினி கிடந்தது எதுக்கு? வாசல்ல அந்தப் பொண்ணு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. பேச்சி புருஷன் கையை எடுத்து விட்டா. "அவ வயித்துலயும் ஒரு வடிவு இருக்கு"ன்னா. கட்டை அவிழ்த்தா. கரக், கரக், கரக்னு அடிவரைக்கும் வழிச்சா.

கஞ்சி கொதிச்சுது. பிள்ளைத்தாச்சி கஞ்சிக் கும்பாவை வாங்கினா. பக்கத்துல வடிவு நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு நிக்குதே, அதுக்கு முதல்ல ரெண்டு வாய் ஊட்டிவிட்டா. வடிவு கன்னமெல்லாம் கஞ்சி. அப்புறம் தான் குடிச்சா, கண்ணு தெளிஞ்சுது. "வயிறு குளிர்ந்துச்சு தாயி"ன்னு கும்பிட்டுட்டு மெல்ல நடந்து போயிட்டா.

அவ போனதும் பேச்சி பக்கத்து வீட்டுக்கு ஓடினா. "யக்கா, ஒரு பிடி அரிசி!" பக்கத்து வீட்டுக்காரி மாடத்துல திரியைத் தூண்டிக்கிட்டே, "விளக்கு வச்சாச்சே பேச்சி. இனி அரிசி கை மாறக் கூடாதே"ன்னுட்டா. எதிர்த்த வீட்லயும் அதேதான். எல்லா மாடத்துலயும் விளக்கு எரியுது. தூரத்துல திம்... திம்...

"அத்தை..."

பயமா இருக்கா? என் கையைப் பிடிச்சுக்கோ.

பேச்சி தலைதெறிக்க வீட்டுக்கு ஓடி வந்தா. மகளைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது ஓடிரலாம்னு பார்த்தா, வடிவைக் காணோம்! கொல்லையில இல்ல. கட்டிலுக்கு அடியில இல்ல. சுடலை, "இங்கதான் நின்னா, இங்கதான் நின்னா"ன்னு அதையே சொல்லிட்டிருக்கான். திம். திம். திம். வாசக்கதவு கிறீச்னு திறந்துச்சு. பூதம் குனிஞ்சு உள்ள வந்துருச்சு.

நேரா அடுப்படிக்குப் போச்சு. விரலை மடக்குச்சு. பேச்சி காதைப் பொத்திக்கிட்டா.

தொத்.

பூதம் முழிச்சுது. பேச்சியும் முழிச்சா. இன்னொரு தடவை தட்டுச்சு. தொத். அதுக்குச் சந்தேகம் வந்துருச்சு. மொடா மூடியை லேசா ஒதுக்கி, அந்த இருட்டுக்குள்ள மூக்கை விட்டுச்சு. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... மோந்து பார்க்குது. சுடலை சுவத்தோட ஒட்டிட்டான்.

"அரிசி வாசம்தான்"னு பூதம் முணுமுணுத்துச்சு. "இந்த வீட்ல மொடா நிறைஞ்சிருக்கு." மூடியைப் பொத்துன்னு போட்டுட்டு, திம் திம்னு அடுத்த தெருவுக்குப் போயிருச்சு.

திம் திம் சத்தம் தூரமாப் போய் அடங்குச்சு. அப்புறம் மூடி மெல்ல நகர்ந்துச்சு. உள்ள இருந்து ரெண்டு கண்ணு. "அம்மா, போயிருச்சா? எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் இதுக்குள்ள இறங்கிட்டேன்."

பேச்சி ஓடிப்போய் மகளை அள்ளினா பாரு, அள்ளினவ விடவே இல்ல. அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு அவளுக்கு. சுடலைக்கு இன்னும் பிடிபடலை. "அரிசிதான் ஒண்ணு கூட இல்லையே பேச்சி. அது என்னத்தை மோந்துச்சு?"ன்னு கேட்டான். பேச்சி மகளோட கன்னத்துல காய்ஞ்சு கிடந்த கஞ்சியை முந்தானையால துடைச்சா. "நம்ம அரிசியைத்தான். அது வேற எங்க போயிருக்கு?"ன்னா.

மறுநாள் புதுக் கூலி வந்துச்சு. சிரட்டையை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்தாங்க. எல்லாருக்கும் அளந்து வச்சிட்டு, பேச்சி ஓரமா இன்னொரு குவியல் வச்சா. "இது யாருக்கு?"ன்னான் சுடலை. "பசியோட வர்றவங்களுக்கு. இதுவும் அளவுக்குள்ளதான். இதைத் தாண்டித் தொட்டா கையை உடைப்பேன்." "யாரும் வரலைன்னா?" "வராம என்ன? உங்க தங்கச்சி இருக்காளே!"

ஏட்டி, சிரிச்சது போதும். பூதம் போயாச்சு, வடிவு தூங்கியாச்சு, மொடா வாயும் கட்டியாச்சு. கதை அவ்வளவுதான், நீயும் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தூங்கு.